நடுவுல ஒண்ணுமில்லாத எழுத்து

ஒரு ரிலீஸ் முடியுற வரைக்கும் ஆணி புடுங்கிப் புடுங்கியே கை வலிச்சுப் போச்சு, அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இன்னிக்கு மேட்டர் கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

கூட வேலை பாக்குற பையனுக்குக் கல்யாணம். பத்திரிகை டிசைன் பண்ணித் தரச் சொல்லி என் தலையில கட்டிட்டான். இங்கிலீஷ் பேருக்கு அவனே ஒரு எழுத்துரு புடிச்சுட்டு வந்திருந்தான். அந்தக் காலத்து சோப்பு டப்பா, சென்ட் பாட்டில் லேபிள்ல எல்லாம் வருமே, அந்த மாதிரி. எழுத்துக்கு ஓரக்கோடு மட்டும்தான் இருக்கும், உள்ள வெள்ளை. ஒரு பக்கம் கோடு மெலிசு, இன்னொரு பக்கம் லேசா தடிப்பு. பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. "தமிழ்ப் பேருக்கும் இதே மாதிரி போட்டுடு மச்சி, அஞ்சு நிமிஷ வேலை"ன்னான்.

அஞ்சு நிமிஷம் மூணு ராத்திரி ஆச்சு. இங்கிலீஷ்ல இந்த ஜாதி எழுத்துரு கொட்டிக் கிடக்கு. தமிழ்ல கைக்குக் கிடைச்ச ரெண்டு மூணும் சாதாரண எழுத்தோட கறுப்பை வழிச்சு எடுத்துட்டு கோட்டை மட்டும் விட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல வளர்ந்த யாருக்கும் ஓரக்கோட்டு எழுத்து புதுசில்லை. பழைய சினிமா டைட்டில், தீபாவளி மலர் தலைப்பு, தீப்பெட்டி லேபிள், ஜவுளிக்கடை போர்டு, லாரியோட நெத்தி, எங்க பாத்தாலும் இருந்துச்சு. கண்ணுக்கு இவ்வளவு பழகின எழுத்து அச்செழுத்தா மட்டும் ஏன் சரியா வரலை? இதைத் தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு.

முதல்ல வெள்ளைக்காரன் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம். ஓரக்கோட்டு எழுத்து அச்சுல பொறந்தது இல்லை, செப்புத்தகட்டுல பொறந்தது. தகட்டுல ஊசியால கீறுறவனுக்கு கோடு இழுக்கிறது சுலபம். ஒரு பெரிய எழுத்தை முழுக்கக் கறுப்பா நிரப்பணும்னா பக்கத்துப் பக்கத்துல கீறிக்கிட்டே இருக்கணும், உயிர் போயிடும். அதனால வரைபடத் தலைப்பு, புத்தக முகப்பு, கடைக்காரங்க விலாசச் சீட்டு எல்லாத்துலயும் எழுத்தோட கரையை மட்டும் வரைஞ்சு, ஒரு பக்கம் கொஞ்சம் நிழல் கோடு போட்டு விட்டுடுவாங்க. அதோட அழகைப் பாத்து ஈயத்துல வார்க்கிறவங்களும் பின்னாடியே வந்தாங்க. 18-ஆம் நூற்றாண்டுல பாரீஸ்ல ஃபூர்னியே அலங்கார எழுத்து வெட்டினார். 19-ஆம் நூற்றாண்டு பொறந்ததும் லண்டன்ல லாட்டரி, நாடகம், குதிரைப் பந்தயம்னு விளம்பரப் போஸ்டர் யுகம் ஆரம்பிச்சுது. தடி எழுத்து, நிழல் எழுத்து, ஓர எழுத்துன்னு வார்ப்படக்காரங்க போட்டி போட்டு இறக்கினாங்க. 1827-ல நியூயார்க்ல டேரியஸ் வெல்ஸ் மரத்துல எழுத்தை மெஷின் வெச்சுக் குடைஞ்சார். 1834-ல லெவன்வொர்த் அதோட பாண்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு அச்சு இருந்தா போதும், அதைத் தடவித் தடவி வேணுங்கிற சைஸ்ல எழுத்து வெட்டிக்கலாம். 1874-ல வில்லியம் பேஜ்ங்கிறவர் கலர் கலரா அடுக்கி அச்சடிக்கிற மர எழுத்துக்கே தனி மாதிரிப் புத்தகம் போட்டார். உள்நிரப்புக்கு ஒரு கட்டை, ஓரத்துக்கு இன்னொரு கட்டை. இன்னிக்கு நாம 'லேயர்'னு சொல்றது அதுதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இந்த அலங்கார வகையறாவுல பலதும் பெரிய எழுத்து, அதாவது கேப்பிடல் மட்டும்தான். 26 எழுத்து, 10 எண், கொஞ்சம் குறி. நாப்பது அச்சு வெட்டினா கடை திறந்துடலாம். இந்த வருஷம் ஒரு ஃபேஷன், அடுத்த வருஷம் இன்னொண்ணு, போனா போகுதுன்னு விட்டுட்டு அடுத்ததை வெட்டலாம்.

இப்ப நம்ம கணக்கைப் போடுவோம். உயிர் 12. ஆய்தம் 1. க, ங, ச 18. புள்ளி வெச்சது 18. கி, கீ வரிசை 36. கு, கூ வரிசை 36. இதுவே 121 ஆச்சு. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு சேர்த்தா 125. பழைய மாதிரி றா, ணா, னா, ணை, லை, ளை, னை ஏழையும் போட்டா 132. ஜ, ஷ, ஸ்ரீ கூட்டத்தையும் உள்ள விட்டா 150-ஐத் தாண்டிடும். அதுவும் ஒரே ஒரு சைஸுக்கு!

"கி-யில க வேற, கொக்கி வேற. துண்டாப் போட்டு ஒட்டிக்கலாமே, எண்ணிக்கை குறையுமே"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி, நானும் ப்ரோக்ராமர் புத்தியில அதைத்தான் யோசிச்சேன். சாதாரணக் கறுப்பு எழுத்துன்னா ஒட்டலாம். கறுப்புத் துண்டும் கறுப்புத் துண்டும் தொட்டா ஒண்ணாயிடும், சேர்ந்த இடமே தெரியாது. ஓரக்கோட்டு எழுத்துல அந்தப் பருப்பு வேகாது. ரெண்டு துண்டுக்கும் தனித்தனி கரை இருக்கே, ஒட்டின இடத்துல நடுவுல ஒரு செவுரு நிக்கும். க-வுக்குள்ள தண்ணி ஊத்தினா கொக்கிக்குள்ள போகக்கூடாது, வழி அடைச்சிருக்கும். ஆக 121-ல ஒண்ணைக்கூட ஏமாத்த முடியாது, ஒவ்வொண்ணும் முழுசா வெட்டணும். தமிழ்ல கேப்பிடலும் கிடையாது. தலைப்புக்குன்னு பொறந்த எழுத்துன்னு ஒண்ணு இல்லாதப்போ எந்த முதலாளி அதுக்குக் காசைக் கொட்டுவான்?

இதோட இன்னொண்ணும் சேர்ந்துக்குது. தமிழ் அச்செழுத்தோட சரித்திரமே எழுத்தைச் சின்னதாக்குற சரித்திரம். கொல்லத்துல 1578-ல 'தம்பிரான் வணக்கம்' வந்துச்சு, 16 பக்கம். அதுக்கு அப்புறம் பெரிய இடைவெளி. 1713-ல ஜெர்மனி ஹாலே நகரத்துல வெட்டின தமிழ் எழுத்து தரங்கம்பாடிக்குக் கப்பல்ல வந்து இறங்கினப்போ சீகன்பால்குக்கு வந்த முதல் பிரச்சினை, எழுத்து ரொம்பப் பெருசு. புதிய ஏற்பாட்டை அதுல அடிக்க ஆரம்பிச்சா பேப்பர் தீர்ந்துடும். பேப்பரோ ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வரணும். பக்கத்துல பொறையார்ல வார்ப்படம் போட்டு சின்ன எழுத்து செஞ்சாங்க. அதுக்கு ஈயம்? இங்கிலாந்துலேர்ந்து அனுப்பின பாலாடைக்கட்டியைச் சுத்தியிருந்த ஈயத்தகட்டை உருக்கினதா ஒரு கதை இருக்கு. தமிழ்ல பைபிள் படிக்கிறதுக்கு சீஸ் டப்பா தியாகம் :-)

அடுத்தது வேப்பேரி. 1761-ல கூட் புதுச்சேரியைப் புடிச்சப்போ அள்ளிக்கிட்டு வந்த அச்சு மெஷின் ஃபாப்ரீஷியஸ் கைக்குப் போச்சு. 1779-ல அவரோட தமிழ்-ஆங்கில அகராதி வந்துச்சு. அகராதின்னாலே பொடி எழுத்துதானே வேணும்.

இதுக்கு அடுத்த கட்டம் எங்க ஊர்ப் பக்கம் வந்து உரசுது. எங்க ஊர் கலவை. தெரியாதவங்களுக்கு: ஆற்காட்டுக்குத் தெக்கால, முன்னே வேலூர் மாவட்டம், 2019-லேர்ந்து ராணிப்பேட்டை மாவட்டம். காஞ்சி மடத்துக்காரங்களுக்கு பிருந்தாவனம் இருக்கிற ஊர்னு தெரிஞ்சிருக்கும். மத்தபடி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் கம்பெனி வரிசை ஒரு பக்கம், ஆரணிப் பட்டு இன்னொரு பக்கம், நடுவுல நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கிட்டு நாங்க. எங்க ஆளுங்களுக்கு ஸ்கடர்ன்னா ஆஸ்பத்திரி. ராணிப்பேட்டையில 1866-ல ஆரம்பிச்சது, அப்பால வேலூர் சிஎம்சி 1900-ல ஐடா ஸ்கடர் ஆரம்பிச்சது. அந்தக் குடும்பத்துல முதல்ல வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர், ஐடாவோட தாத்தா. யாழ்ப்பாணத்துல இருந்த அவரும் மைரன் வின்ஸ்லோவும் 1836-ல சென்னைக்கு இடம் மாறினாங்க. எதுக்கு வந்தாங்கன்னு நெனைக்கிறீங்க? வைத்தியத்துக்கு இல்லை. பெரிய அளவுல தமிழ் அச்சடிக்க! 1838-ல சென்னையில அமெரிக்கன் மிஷன் அச்சகம் ஆரம்பமாச்சு. கொஞ்ச நாள்ல ஹண்ட்னு ஒரு அச்சுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் கையில தமிழ் எழுத்து இன்னும் சின்னதாச்சு, இன்னும் தெளிவாச்சு. 67,000 சொல்லுக்கு மேல இருக்கிற வின்ஸ்லோ அகராதி 1862-ல அந்த அச்சகத்துல வந்ததுதான். ஸ்கடரோட புள்ளைங்க ஆற்காடு பக்கம் வந்து 1853-ல மிஷன் ஆரம்பிச்சு, அப்புறம் ஆஸ்பத்திரி எல்லாம் வந்துச்சு. சின்ன வயசுல அந்த ஆஸ்பத்திரியில ஊசி குத்திக்கிட்டவன் நான். அந்தப் பேருக்குப் பின்னால ஒரு அச்சு மெஷின் ஓடிச்சுன்னு இதைத் தேடும்போதுதான் தெரிஞ்சுது.

நான் சொல்ல வர்றது இதுதான். கொல்லத்துலேர்ந்து ஹண்ட் வரைக்கும் இருநூத்தி எம்பது சொச்சம் வருஷம், எல்லாப் புத்தியும் எல்லாக் காசும் போனது ஒரு பக்கத்துல நிறைய எழுத்தை அடைக்கத்தான். 1835-ல மெட்காஃப் அச்சகக் கெடுபிடியைத் தளர்த்தின பிறகு நம்ம ஆளுங்க அச்சகம் புற்றீசல் மாதிரி முளைச்சுது. அவங்களும் சிக்கனக்காரங்கதான். பெரிய எழுத்துக்குன்னு ஒரு சந்தை இருந்தது ஒரே ஒரு இடத்துல. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள்'னு திருவிழாக் கடையில விப்பாங்களே, அதுல. அங்க எழுத்து பெருசா இருந்தது அலங்காரத்துக்கு இல்லை. சிம்னி வெளக்குல, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்காக. அட்டையிலயே 'பெரிய எழுத்து'ன்னு விளம்பரம் பண்ணின ஒரே இலக்கியம் நம்மளுதாத்தான் இருக்கும்.

சரி, அப்போ நாம பாத்து வளர்ந்த அந்த ஓரக்கோட்டு எழுத்தெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? ஈயத்துலேர்ந்து வரலை. கையிலேர்ந்து வந்துச்சு. கல்லு, பிளாக், போர்டுன்னு மூணு வழியா.

கல்லுன்னா லித்தோ. சுண்ணாம்புக் கல்லு மேல எண்ணெய் மையால வரைஞ்சு, தண்ணியும் எண்ணெயும் ஒட்டாதுங்கிற சங்கதியை வெச்சு அச்சடிக்கிறது. 1796-ல பவேரியாவுல சென்னஃபெல்டர் கண்டுபுடிச்சது. இதுல எழுத்து அச்சே தேவையில்லை, 121-ஆ 150-ஆங்கிற கவலையே கிடையாது. 'மயில்'னு லேபிள் வேணுமா, அந்த மூணு எழுத்தை மட்டும் வரைஞ்சா போதும். சிவகாசியில 1923-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பிச்ச பிறகு லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டுது. தீப்பெட்டி, பட்டாசு, அப்புறம் காலண்டர்னு அந்த ஊர் எங்கேயோ போயிடுச்சு. லேபிள்ல ஏன் எழுத்துக்கு எப்பவும் கறுப்பு ஓரம்? இதுக்கு ஒரு தொழில் காரணம் இருக்கு. கலர் ஒவ்வொண்ணும் தனித்தனி கல்லு. சிகப்பு ஒரு தடவை, மஞ்சள் ஒரு தடவைன்னு ஒரே காகிதம் பல தடவை போய் வரும்போது ஒரு நூல் இப்படி அப்படி நகர்ந்துடும். சிகப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல வெள்ளை பல்லைக் காட்டும். மேல கறுப்பு ஓரக்கோடு வந்து உக்காந்துச்சுன்னா அந்த வண்டவாளம் எல்லாம் உள்ள மறைஞ்சிடும். புடவைக்கு பார்டர் அடிச்சு பிசிறை மறைக்கிற மாதிரி. நாம 'விண்டேஜ் லுக்'னு உருகுறது பாதிக்குப் பாதி இந்த மாதிரி மறைப்பு வேலைதான்.

ரெண்டாவது வழி பிளாக். கதைத் தலைப்பை ஓவியர் கையால எழுதுவார். அதைப் படம் புடிச்சு, துத்தநாகத் தகட்டுல ஏத்தி, ஆசிட்ல அரிச்சு, மரக்கட்டையில ஆணி அடிச்சு, ஈய எழுத்தோட சமமா நிறுத்தி அடிச்சிடுவாங்க. விகடன், கல்கி காலத்து தொடர்கதைத் தலைப்பு எல்லாம் இப்படி வந்ததுதான். ஒவ்வொரு கதைக்கும் ஒரு புது எழுத்து. பேய்க்கதைன்னா எழுத்து ஒழுகும், சரித்திரக் கதைன்னா கல்வெட்டு மாதிரி உளி வெட்டு, காதல் கதைன்னா கொடி மாதிரி வளைஞ்சு உள்ள வெள்ளையா ஓரக்கோட்டு எழுத்து. ஓவியர் படத்துக்குக் கீழ கையெழுத்து போட்டுக்குவார். தலைப்பு எழுத்தை யாரு எழுதினாங்கன்னு பெரும்பாலும் எங்கயும் இருக்காது. அந்த வேலைக்குத் தமிழ்ல ஒரு பேருகூட இல்லை பாருங்க. எங்க பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி உருதுக்காரங்ககிட்ட 'காதிப்'னு சொல்லு இருக்கு, எழுத்து எழுதுறதையே தொழிலா வெச்சவர். உருதுவோட நஸ்தாலிக் சாய்ஞ்சு சாய்ஞ்சு இறங்குற எழுத்து, ஈயத்துக்குள்ள லேசுல அடங்காது. அதனால அவங்க கையால எழுதி லித்தோவுல அடிக்கிறதையே வழக்கமா வெச்சுக்கிட்டாங்க. திருவல்லிக்கேணியில 1927-ல ஆரம்பிச்ச 'முஸல்மான்' பத்திரிகையைக் கையால எழுதியே நடத்தினாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. அவங்களுக்கு கை எழுத்துதான் முதல் தரம், அதுக்கு மரியாதை உண்டு. நம்ம பக்கம் கை எழுத்து 'தலைப்புக்கு மட்டும்', வாரம் முடிஞ்சா பிளாக்கைத் தூக்கிப் போட்டுடுவாங்க.

மூணாவது போர்டு. இதுக்கு நான் புத்தகம் எதையும் புரட்டலை, நேரா ஊருக்குப் போனேன். கலவையில எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெயிண்டர் அண்ணன் இருக்கார். அறுபதைத் தாண்டிட்டார். ஒரு காலத்துல கலவை, ஆற்காடு, ஆரணி வரைக்கும் போர்டு, செவுரு, பஸ்ஸு எல்லாம் அவர் கைதான். இப்ப வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற வேலைதான் வருது.

"அண்ணே, அவுட்லைன் எழுத்து எப்படிப் போடுவீங்க?"ன்னேன்.

"மொதல்ல எழுத்தை ரொப்பிட்டு அப்புறம் ஓரம் கட்டறது ஒண்ணு. அது எல்லாப் பையனும் செய்வான். வெறும் அவுட்லைன்ல வுடறதுன்னா வேற வேல தம்பி. நீ என்னா எழுத்துன்னு சொல்லு."

"ண."

சாக்பீஸ் எடுத்துத் திண்ணையிலயே போட்டார். "மூணு சுழிய ஒரே அளவா போட்டியானா உள்ள கோடும் கோடும் முட்டிக்கும். தூரத்துல பாத்தா வெறும் கறுப்பு உருண்டைதான் தெரியும். மொத சுழிய கொஞ்சம் தாராளமா வுடு, ரெண்டாவதுல கையைச் சுருக்கு, கடைசிக் காலை எறக்கும்போது அகலமா எறக்கு. பாக்கறவன் கண்ணு அதுவே சரிபண்ணிக்கும்."

"எவ்வளவு சுருக்கணும்?"

"எவ்ளோன்னா? போர்டு எங்க மாட்டப் போறாங்கோ? ரோட்டுக்கு அந்தாண்டையா, கடை வாசப்படி மேலயா? அதப் பாத்துதான்."

எனக்கு இது ஒரு அளவா கிடைச்சா நல்லா இருக்கும்னு ஆசை, அவருக்கு அது இடத்தைப் பொறுத்த விஷயம். அரை மணி நேரம் 'இ', 'ஞ', 'ஜ' எல்லாம் போட்டுக் காமிச்சார். எல்லாத்துலயும் ஒரே தந்திரம்தான்: நாம வெளிப்பக்கக் கோட்டை வரைஞ்சுட்டு உள்ளே வருவோம், அவர் உள்ள மிஞ்சுற வெள்ளையை முதல்ல தீர்மானிச்சுட்டு வெளிக்கோட்டை அதுக்குத் தக்கபடி தள்ளுறார்.

கம்ப்யூட்டர்ல இருக்கிற 'அவுட்லைன்' பொத்தான் பண்றது இதுக்கு நேர் எதிர். நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஜனத்துக்காக இந்த ஒரு பாரா, மத்தவங்க தாண்டிப் போகலாம். கம்ப்யூட்டர்ல எல்லா எழுத்துருவுமே ஓரக்கோடுதான். 1984-ல வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட், 1991-ல வந்த ட்ரூடைப், எதுலயும் எழுத்துங்கிறது புள்ளியும் வளைகோடும் சேர்ந்த ஒரு வேலி. உள்ள இருக்கிறது அந்த நேரத்துக்கு நிரப்புறது. 'அவுட்லைன்' அமுக்கினா நிரப்பாம விட்டுட்டு வேலியை மட்டும் ஒரு தடிமன்ல வரையும். அந்தத் தடிமன் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சமமா வளரும். சுழிக்குள்ள ஏற்கனவே இடம் கம்மி, அதுவும் அடைஞ்சு போகும். இன்னொரு கூத்து, எழுத்துரு செய்யும்போது கி, கூ, ணு எல்லாத்துலயும் துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வெச்சு ஒன்றிணைக்காம விட்டிருந்தாங்கன்னா, நிரப்பும்போது தெரியாது, அவுட்லைன் போட்டதும் குறுக்குக் கோடு எல்லாம் வெளிய வந்துடும். ஆமாங்க, அதே செவுரு. ஈயத்துல இருந்த பிரச்சினை அப்படியே இங்கயும் இருக்கு. சிடியில மொத்தமா வித்த காலத்துலேர்ந்து நான் பாத்த தமிழ் அவுட்லைன் எழுத்துருக்கள்ல பெரும்பாலானது பொத்தான் அமுக்கி வந்த வகைதான்.

இப்ப 'பழைய ஸ்டைல்'ங்கிற இன்னொரு பாதிக்கு வருவோம். இங்கிலீஷ்ல பழைய ஸ்டைல்னா அலங்காரம் மட்டும் மாறும், எழுத்து மாறாது. தமிழ்ல எழுத்தே மாறும். பெரியார் 1935-ல 'குடி அரசு'ல ஆரம்பிச்ச எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்ஜிஆர் ஆட்சியில 19 அக்டோபர் 1978 அன்னிக்கு அரசாணை போட்டு ஏத்துக்கிட்டாங்க. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, மொத்தம் 13. முன்னாடி லை-க்கும் னை-க்கும் தலைமேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. ணா, றா, னா மூணுக்கும் கால் தனியா நிக்காம எழுத்தோடவே கீழ சுருண்டு திரும்பும். டைப்ரைட்டருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் பெரிய நிம்மதிதான், அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தும்பிக்கை போனதுக்கு அழுகிற கோஷ்டியில என்னைச் சேர்த்துடாதீங்க.

ஆனா போர்டு எழுதுறவங்களுக்கு அந்த ஏழு உருவம்தான் விளையாட்டு மைதானம். எங்க ஊர்ப் பேரைப் பாருங்க, க-ல-வை. 13-ல ஒண்ணுகூட இல்லை, 1978-க்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரிதான். வேலூர், ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை எதுவும் மாறலை. பஸ் ஏறி தெக்கால போனா வர்ற திருவண்ணாமலையில மட்டும் ஒரே பேர்ல ரெண்டு! ணா ஒண்ணு, லை ஒண்ணு. பெயிண்டர் அண்ணன் அந்தக் காலத்துல பஸ் போர்டு எழுதினப்போ அந்த லை-யோட தும்பிக்கையை இழுத்துக்கிட்டுப் போய் மலை மாதிரியே ஒரு வளைவு போட்டு, உள்ள வெள்ளையை விட்டுடுவாராம். "ஆர்டர் வந்த பொறவும் அஞ்சாறு வருஷம் பழசுதான் எழுதினேன். எவனும் கேக்கல. அப்பறம் எஸ்கூல் பசங்கோ 'இன்னா எழுத்துய்யா இது'ன்னு சிரிக்க ஆரம்பிச்சதும் வுட்டுட்டேன்"ன்னார். அரசாணையால விடாததை அஞ்சாங்கிளாஸ் பசங்களால விட்டிருக்கார்.

இன்னிக்கு டெக்னாலஜி இந்த இடத்துல நம்ம பக்கம். யூனிகோட்ல லை-ங்கிறது ல-வும் ஐகாரக் குறியும்தான். அதுக்குத் தும்பிக்கை உருவம் காட்டணுமா, கொம்பு உருவம் காட்டணுமான்னு எழுத்துருவுக்குள்ள இருக்கிற ஓப்பன்டைப் விதி முடிவு பண்ணும். ஒரே எழுத்துருவுல ரெண்டும் வெச்சுக்கலாம், வேணுங்கிறவங்க சுவிட்ச் போட்டுக்கலாம். தேடல்ல கிடைக்கும், வெட்டி ஒட்டினா சரியாப் போகும், பாக்க மட்டும் பழசா இருக்கும். கவிவனார், பலூ தம்பி மாதிரி தலைப்புக்கு ஏத்த நல்ல இலவச எழுத்துருக்கள் இப்ப இருக்கு. அதெல்லாம் உள்ள நிரப்பின எழுத்து. கையால வரைஞ்ச ஓரக்கோட்டு வகைக்குத்தான் இடம் காலியா இருக்கு.

ஆனா எதைப் பாத்து வரையறது? அதுதான் இப்ப அவசரம். ஈயத்துல வார்த்திருந்தா ஏதாவது ஒரு அச்சகத்து மூலையில அச்சு கிடக்கும், எடுத்துடலாம். கல்லுல வரைஞ்சதை வேலை முடிஞ்சதும் தேய்ச்சு அடுத்த லேபிள் போட்டாங்க. பிளாக் பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. மிச்சம் இருக்கிறது போர்டும் செவுரும். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்துச்சு. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ராத்திரி குடுத்தா காலையில கையில. பெரும்பாலும் பழைய போர்டைக் கழட்டக்கூட மாட்டாங்க, அது மேலயே சட்டத்தை அடிச்சு ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டிடுவாங்க. போன பொங்கலுக்கு ஊர்ல இருந்தப்போ பஜார்ல ஒரு மளிகைக்கடை ஃப்ளெக்ஸ் காத்துல கிழிஞ்சு தொங்குச்சு. பின்னாடி தகரத்துல பச்சை நெறம், அதுல வெள்ளையா ஓரக்கோட்டு எழுத்து, 'ணா' பழைய சுருட்டலோட. கடைக்காரர்கிட்ட கேட்டு ஏணி போட்டு ஏறி படம் புடிச்சேன். அடுத்த வாரமே புது ஃப்ளெக்ஸ் மாட்டிட்டாங்க.

இப்படி ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆரணி, ஆம்பூர்னு சுத்தி படம் சேர்த்துக்கிட்டிருக்கேன். ஆம்பூர்ல ஒரே போர்டுல உருதுவும் தமிழும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ரெண்டுக்கும் ஓரக்கோடு ஒரே தடிமன். பெயிண்டர் அண்ணன் சொன்ன முறையில உள்வெள்ளையை முதல்ல வெச்சு வரைஞ்சு பாத்ததுல ண, இ ரெண்டும் மனசுக்குத் திருப்தியா வந்திருக்கு. ஞ இன்னும் படுத்துது. (கல்யாணப் பத்திரிகை என்னாச்சுன்னு கேக்காதீங்க. மாப்பிள்ளை, பொண்ணு பேருக்கு வேண்டிய எழுத்தை மட்டும் கையால வரைஞ்சு குடுத்துட்டேன், அந்தக் காலத்து லித்தோக்காரங்க மாதிரியே.)

121-ல போர்டுல கிடைக்கிறது கணிசமா இருக்கு. க, ம, ர, ஸ்ரீ எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்குது. ஸ்டோர்ஸ் புண்ணியத்துல ஸ் வண்டி வண்டியா இருக்கு. ஆனா ஞீ, ஙூ எல்லாம் எந்தக் கடைக்காரனும் பேர்ல வெச்சுக்க மாட்டான், அதுக்கு மாதிரி கிடைக்கப் போறதில்லை, நானாத்தான் வரையணும். 'ஔ' மட்டும் கிடைக்கலாம்னு ஒரு நப்பாசை. உங்க ஊர்ல ஔவையார் பேர்ல பழைய பள்ளிக்கூடமோ, தெருவோ, அச்சகமோ, இல்லை ஔஷதம்னு எழுதின நாட்டு மருந்துக்கடையோ இருந்து, கையால எழுதின போர்டா இருந்தா, ஃப்ளெக்ஸ்காரர் வர்றதுக்குள்ள நேரா நின்னு ஒரு படம் எடுத்து பின்னூட்டத்துல சொல்லுங்க. சாய்ஞ்சு எடுத்த படம் வேணாம் சாமி, சுழி எல்லாம் நசுங்கித் தெரியுது.